உங்களுக்குத் தெரியுமா? விற்கும் முன் வீட்டைப் புதுப்பிக்கலாமா?

● கொள்ளிடக் கரையில் உள்ள திருமழபாடி வைத்தியநாதசுவாமி கோயிலின் விமானத்தைப் பிரித்து மறுபடி கட்ட, முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் (1013 வாக்கில்) ஆணையிட்டான். இடிப்பதற்கு முன்பே, பழைய சுவர்களில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைக்கவும் சொன்னான். அக்காலக் கோயிலுக்குச் சுவர்தான் பத்திரம். கொடுத்தவர் யார், எந்த நிலம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ராஜராஜன் மறைந்து, மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் (1026 வாக்கில்) அந்தப் படியைப் பார்த்துப் புதுச் சுவரில் மறுபடி பொறித்தார்கள். புதுப்பித்தலுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

● வீட்டை விற்க நினைப்பவர் கொத்தனாரைக் கூப்பிடுமுன் பீரோவைத் திறக்க வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலா? வாரிசுச் சான்று வாங்கியாயிற்றா? வில்லங்கச் சான்றில் அடைத்த கடன் இன்னும் நிற்கிறதா? இவை சரியில்லை என்றால், கடன் வாங்கி வீடு வாங்க வருபவருக்கு வங்கி கதவைத் திறக்காது. பளபளக்கும் டைல்ஸ் அங்கே உதவாது.

● திருமழபாடி இருக்கும் அரியலூர்ச் சீமை ஒரு காலத்தில் கடலடியில் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்தான் இன்று சுற்றியுள்ள ஆலைகளில் சிமென்ட் ஆகிறது. கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் அதைப் பூசிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். அடியிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் பூச்சு அதை உள்ளேயே அடைக்கும். கொஞ்ச நாளில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிரும். விலை பேச வந்தவர் முதலில் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது.

● சிமென்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது.

● தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வாங்குபவர் இதையும் மனதில் கூட்டித்தான் விலை கேட்பார். பதிவின்போது கட்டடத்துக்கு வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். போன மாதம் அடித்த பெயின்ட் அந்தக் கணக்கில் வராது.

● வருமான வரியிலும் கட்டடம் வேறு, பெயின்ட் வேறு என்ற இதே பாகுபாடு உண்டு. அறை சேர்த்தது, மாடி எழுப்பியது போன்ற நிலையான மேம்பாட்டுச் செலவை விற்பனை லாபத்திலிருந்து கழிக்கலாம். வெள்ளையடித்தது, ஓடு மாற்றியது போன்ற பராமரிப்பைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். ரசீது இல்லாமல் கொத்தனார் கையில் கொடுத்த பணத்தை நிரூபிப்பது பெரும்பாடு.

● அப்படியானால் எதைத்தான் செய்வது? ஒழுகலை நிறுத்துங்கள். கறையானைப் பாருங்கள். ஆபத்தான பழைய ஒயரிங்கை மாற்றுங்கள். சமையலறையைத் தொடாதீர்கள், வாங்குபவர் வீட்டு அம்மாவுக்கு மேடை எங்கே வேண்டும் என்பது நமக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் முன், வாங்க வரும் இரண்டு மூன்று பேரிடம் ‘குடியிருக்கவா, இடித்துக் கட்டவா?’ என்று கேட்டுவிடுங்கள். இடிப்பதாக இருந்தால் அவர் தருவது மனை விலைதான்.

● இடிக்கும் வீட்டிலும் விலையுள்ளது உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் பழைய வீடுகளின் தேக்குக் கதவு, நிலை, தூண் எல்லாம் விலைபோகின்றன. அவை வீட்டோடு சேர்த்தியா, தனியா என்பதை முன்பணம் வாங்குமுன் பேசி, கிரய ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.