விழுங்கும்போது வந்த மயக்கம்

பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்தும்போது, மூளை நரம்புகள் 12 இணை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவேன். பத்தாவது இணையான வேகஸ் நரம்பைப் பற்றி நான் யோசிக்க ஒரு மாணவி காரணமானாள்.

மதிய உணவின்போது அவள் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். "காலையில சாப்பிடாம வந்திருப்பே" என்றேன். "இட்லி சாப்பிட்டேன் டீச்சர். சோறு விழுங்கும்போதுதான் கண்ணு இருட்டுது" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. மூன்றாவது முறை விழுந்ததில் உதடு கிழிந்தது. மருத்துவமனையில் எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க உடலில் மாட்டியிருந்த ஹோல்டர் கருவிதான் காட்டிக்கொடுத்தது. அவள் சாப்பிடும்போது, விழுங்கிய கணத்தில் இதயத் துடிப்பு சில நொடிகள் நின்று நின்று வந்திருக்கிறது.

இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். ஓய்வில் அதை எழுபதுக்கு அருகில் இழுத்துப் பிடிப்பது வேகஸ். 1921இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை இன்னொரு இதயத்தின்மீது செலுத்தினார். இரண்டாவது இதயமும் மெதுவானது. நாம் பாடத்தில் சொல்லும் அசிட்டைல்கோலின் வேலை செய்வதை உலகம் அறிந்தது அப்படித்தான்.

உணவுக்குழாய்க்கும் இதே நரம்புதான் செல்கிறது. மிக அரிதாகச் சிலருக்கு, விழுங்கும் செய்தி மூளைத்தண்டுக்குப் போனதும் இதயத்துக்கு 'நிறுத்து' என்ற கட்டளை அளவுக்கு மீறி வந்துவிடுகிறது. மாணவிக்குப் பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். இப்போது பயமின்றிச் சாப்பிடுகிறாள்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வெயிலில் நின்று சாய்கிற பிள்ளைகளிடமும் பெரும்பாலும் வேகஸின் கை உண்டு. அது அடிக்கடி காண்பது. படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் தெளிந்துவிடுவார்கள். தூக்கி உட்காரவைக்க வேண்டாம். நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

ஓடும்போது விழுந்தாலோ, முன்னறிகுறியே இல்லாமல் விழுந்தாலோ, குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தாலோ, தெளிந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரே செயலின்போது திரும்பத் திரும்ப மயங்கினாலும் அப்படியே. கூடவே ஒரு தாளும் கொடுத்தனுப்புங்கள்: விழுவதற்கு முந்தைய நொடியில் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்று, பிள்ளையின் வாய்ச்சொல்லிலேயே எழுதி.