கண்ணாடியை கழற்ற லேசர் ஆபரேஷனா? போவதற்கு முன் இதை படிச்சுட்டு போங்க!

மதுரை,

ரயில் என்ஜின் ஓட்டும் வேலைக்கு கண்ணாடி போட்டவர்களை எடுக்க மாட்டார்கள். "அதனால என்ன, லேசர் அடிச்சு கண்ணாடியை கழட்டிட்டா போச்சு" என்று நினைக்கும் பையன்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

ஆனால் லேசர் ஆபரேஷன் செய்து கொண்டவர்களையும் அந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்பது பலருக்கு தெரியாது!

கடன் வாங்கி, நகையை அடகு வைத்து ஆபரேஷன் செய்த பிறகு இது தெரிய வந்தால் அழுது பிரயோஜனம் இல்லை. கருவிழியில் லேசர் பட்டது பட்டதுதான். அதை பழையபடி மாற்ற முடியாது.

வேலைக்கு போகும் பையன்கள் மட்டும் அல்ல. கல்யாணம் பேசும் வீட்டில் "பொண்ணு சோடாபுட்டி கண்ணாடி போட்டிருக்கே" என்று மாப்பிள்ளை வீட்டார் இழுத்ததற்காக, அவசர அவசரமாக மகளை கூட்டிக் கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும் பெற்றோரும் இருக்கிறார்கள்.

லேசர் ஆபரேஷன் நல்ல ஆபரேஷன்தான். பொருத்தமான கண்ணுக்கு செய்தால் மறுநாளே சுவர் கடிகாரம் தெளிவாக தெரியும். ஆனால் எல்லா கண்ணுக்கும் அது பொருந்தாது. அங்கே என்ன செய்வார்கள், எதை எதிர்பார்க்கலாம், யார் போகக்கூடாது? இதோ முழு விவரம்:-

லேசர் என்ன செய்கிறது?

கண்ணின் முன்பக்கம் கைக்கடிகாரத்து கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. இதுதான் கருவிழி. டாக்டர்கள் கார்னியா என்பார்கள். இதன் நடுப்பகுதி தடிமன் அரை மில்லிமீட்டரை விட கொஞ்சம்தான் அதிகம்.

வெளிச்சம் இதன் வழியாக வளைந்து போய் உள்ளே இருக்கும் விழித்திரையில் சரியாக விழ வேண்டும். கொஞ்சம் முன்னாலேயே விழுந்தால் தூரத்தில் இருப்பது மங்கலாக தெரியும். அதற்குத்தான் மைனஸ் பவர் கண்ணாடி போடுகிறோம்.

லேசர் கதிர், இந்த கருவிழியை தேவையான அளவுக்கு இழைத்து அதன் வளைவை மாற்றுகிறது. தச்சர் இழைப்புளி போடுவது மாதிரி. கண்ணாடி செய்கிற வேலையை கருவிழியே செய்யும்.

சென்னையில் படித்த விஞ்ஞானி

இந்த ஆபரேஷனுக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் நம்ம சென்னை பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர் என்றால் ஆச்சரியமாக இருக்கும். பெயர் ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சி கூடத்தில் வேலை பார்த்தார்.

1981-ம் ஆண்டு நவம்பர் மாதம், பண்டிகை விருந்தில் மிச்சமான வான்கோழியை ஆராய்ச்சி கூடத்துக்கு எடுத்துப் போய் அதன் மேல் எக்சைமர் லேசரை பாய்ச்சிப் பார்த்தார். அக்கம்பக்கம் கருகாமல், கோடு போட்ட மாதிரி சுத்தமாக வெட்டியது. பிறகு 1983-ல் நியூயார்க் கண் டாக்டர் ஸ்டீபன் டிரோக்கலும் அவரும் சேர்ந்து மாட்டின் கண்ணில் இதை சோதித்தார்கள்.

சீனிவாசனுக்கும் அவருடன் வேலை பார்த்த ஜேம்ஸ் வின், சாமுவேல் புளூம் ஆகியோருக்கும் 2013-ல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா தேசிய தொழில்நுட்ப பதக்கம் வழங்கினார்.

மூன்று வகை

"லேசர்" என்று பொதுவாக சொன்னாலும் முக்கியமாக 3 வகை இருக்கிறது.

லேசிக்: கருவிழியின் மேல் பகுதியை ஜன்னல் கதவு மாதிரி மெல்லிசாக வெட்டி திறப்பார்கள். உள்ளே லேசர் அடித்துவிட்டு கதவை பழையபடி மூடுவார்கள். தையல் கிடையாது. பார்வை சீக்கிரம் திரும்பும்.

பி.ஆர்.கே.: இதில் கதவு கிடையாது. மேல் தோலை மட்டும் நீக்கிவிட்டு லேசர் அடிப்பார்கள். தோல் மறுபடி வளரும் வரை 3, 4 நாள் நன்றாகவே வலிக்கும். பார்வை தெளிய நாள் ஆகும்.

ஸ்மைல்: கருவிழிக்கு உள்ளேயே லேசரால் ஒரு சின்ன வில்லையை செதுக்கி, சிறு துவாரம் வழியாக உருவி எடுப்பது. செலவு பொதுவாக அதிகம்.

கபடி ஆடுகிறவர், மாடு பிடிக்கிறவர், குத்துச்சண்டை பழகுகிறவர் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். லேசிக் செய்த கண்ணில் பலமாக அடிபட்டால் அந்த கதவு நகர்ந்துவிட வாய்ப்பு உண்டு. இவர்களுக்கு கதவு இல்லாத முறையே நல்லது.

யாருக்கு கூடாது?

18 வயது முடிந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. கடைசி ஒரு வருடமாவது பவர் மாறாமல் நிலையாக இருக்க வேண்டும். பவர் ஏறிக்கொண்டே இருக்கும்போது செய்தால், ஆபரேஷனுக்கு பிறகும் ஏறும். மறுபடி கண்ணாடிதான்.

கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் தள்ளிப்போட வேண்டும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கடுமையான கண் வறட்சி உள்ளவர்கள், முடக்குவாதம் போன்ற நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் மறைக்கவே கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியம், கெரட்டோகோனஸ் என்ற கருவிழி கூம்பு நோய். கருவிழி பலவீனமாகி கூம்பு மாதிரி முன்னால் தள்ளும். ஆரம்பத்தில் வெறும் பவர் மாற்றம் மாதிரித்தான் தெரியும். அந்த கண்ணில் லேசர் அடித்தால் கருவிழி மேலும் புடைத்து, கண்ணாடி போட்டாலும் சரியாக தெரியாத நிலைக்கு போய்விடும். மாற்று கருவிழி வைக்கும் அளவுக்கும் போகலாம்.

கண்ணை கசக்கிக் கொண்டே இருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த நோய் வர வாய்ப்பு அதிகம்.

சம்பள கணக்கு மாதிரி ஒரு கணக்கு

"உங்க கருவிழி மெல்லிசு, செய்ய முடியாது" என்று டாக்டர் சொன்னால் பலருக்கு கோபம் வருகிறது. அவர் போடும் கணக்கு என்ன தெரியுமா?

ஒருவருக்கு கருவிழி தடிமன் 540 மைக்ரான் என்று வைத்துக் கொள்வோம். (1000 மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்.) லேசிக் கதவுக்கு 110 மைக்ரான் போய்விடும். ஒரு பவருக்கு சுமார் 15 மைக்ரான் இழைக்க வேண்டும். மைனஸ் 6 என்றால் 90. மிச்சம் 340. இது தாங்கும்.

இன்னொருவருக்கு தடிமன் 480, பவர் மைனஸ் 8. கதவுக்கு 110, இழைக்க 120. மிச்சம் 250தான். கடைசியாக மிஞ்ச வேண்டிய குறைந்தபட்ச அளவே இதுதான். பல டாக்டர்கள் 300 வேண்டும் என்பார்கள். இவரை திருப்பி அனுப்புவதுதான் நியாயம்.

கையில் இருக்கிற சம்பளத்துக்கு மேல் செலவு செய்தால் குடும்பம் ஆட்டம் காணும். கண்ணும் அப்படித்தான். "முடியாது" என்று சொன்ன டாக்டரை திட்டிவிட்டு, "முடியும்" என்று சொல்லும் இடத்தை தேடி அலையாதீர்கள்.

இப்படிப்பட்டவர்களுக்கு கண்ணுக்குள் வைக்கும் ஐ.சி.எல். லென்ஸ் என்று வேறு வழி இருக்கிறது. செலவு அதிகம். அதற்கும் தனி பரிசோதனை உண்டு.

பரிசோதனை நாள்

ஆபரேஷனை விட முக்கியமான நாள் இதுதான். கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுப்பார்கள். தடிமன், கண்ணீர் அளவு, கண் பாப்பா விரியும் அளவு, கண் அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். சொட்டு மருந்து விட்டு விழித்திரையில் ஓட்டை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். மெல்லிய லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடினமான லென்ஸ் என்றால் 3, 4 வாரம். இல்லாவிட்டால் கணக்கு தப்பும்.

சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். பைக்கில் தனியாக போகாதீர்கள். துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

இந்த பரிசோதனைகள் எதுவும் இல்லாமல் "இன்னைக்கே பண்ணிடலாம், ஆபர் இருக்கு" என்று யாராவது சொன்னால், மரியாதையாக எழுந்து வந்துவிடுங்கள்.

ஆபரேஷன் மேஜையில்

மயக்க ஊசி கிடையாது. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து மட்டும் விடுவார்கள். அன்றைக்கு மை, பவுடர், சென்ட் எதுவும் கூடாது. தலைக்கு குளித்துவிட்டு போவது நல்லது. அப்புறம் சில நாளுக்கு தலைக்கு ஊற்ற முடியாது.

இமை மூடாமல் இருக்க கிளிப் மாட்டுவார்கள். "இமைச்சுட்டா என்ன ஆகும்" என்ற பயம் வேண்டாம்.

லேசிக் என்றால் கதவு வெட்டும்போது கண்ணை அழுத்திப் பிடிக்கும். சில வினாடி பார்வை இருட்டிவிடும். அங்கேதான் பலர் பயந்து போகிறார்கள். அது வழக்கமானதுதான். அழுத்தத்தை எடுத்ததும் வெளிச்சம் திரும்பும்.

பிறகு மினுக்கும் ஒரு விளக்கை பார்க்கச் சொல்வார்கள். டக் டக் என்று சத்தம் கேட்கும். முடி கருகுவது மாதிரி வாடை வரும். கண் எரியவில்லை, இழைத்த தூசி வாடைதான் அது. லேசர் அடிக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடத்துக்குள். கண் லேசாக அசைந்தாலும் மெஷின் பின்தொடரும், அதிகமாக அசைந்தால் நின்றுவிடும். இரண்டு கண்ணும் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடிந்து, அன்றே வீட்டுக்கு போகலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

மருந்தின் மரமரப்பு போனதும் 4, 5 மணி நேரம் மிளகாய் தூள் பட்ட மாதிரி எரியும், மண் விழுந்த மாதிரி உறுத்தும், தண்ணீராக கொட்டும். சாப்பிட்டுவிட்டு கண்ணை மூடி தூங்குவதே நல்லது.

கண்ணை கசக்கவே கூடாது. தூக்கத்தில் கை பட்டுவிடாமல் இருக்க டாக்டர் சொல்லும் வரை ராத்திரி கவசம் மாட்ட வேண்டும்.

ஒன்று, இரண்டு வாரத்துக்கு கண்ணுக்குள் குழாய் தண்ணீர் போகக்கூடாது. ஒரு மாதத்துக்கு கிணறு, கண்மாய், நீச்சல் குளம் பக்கம் போக வேண்டாம். அடுப்பு புகை, தூசி ஆகாது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாளோடு நிறுத்த வேண்டும். "நல்லா இருக்கே" என்று மெடிக்கலில் வாங்கி வாங்கி விட்டால் கண் அழுத்தம் ஏறி பார்வை நரம்பையே கெடுத்துவிடும்.

கண் வறட்சி சில மாதங்கள் இருக்கும். ராத்திரியில் எதிரே வரும் லாரி விளக்கை சுற்றி வளையம் தெரியும். பெரும்பாலானவர்களுக்கு இது சில மாதத்தில் குறைந்துவிடும். சிலருக்கு நீடிக்கும். நைட் டூட்டி டிரைவர்கள் இதை முன்கூட்டியே பேசித் தெரிந்து கொள்ள வேண்டும்.

நாளாக நாளாக வலி கூடினால், பார்வை மங்கினால், கண்ணில் அடிபட்டால் காலை வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு போங்கள்.

லேசிக் செய்தவர்கள் மேஜை வேலைக்கு 2, 3 நாளில் போய்விடலாம். பி.ஆர்.கே. என்றால் ஒரு வாரம் போல ஆகும். வெல்டிங், லேத், சிமெண்டு வேலை, பஞ்சாலை என்றால் டாக்டரிடம் வேலையை விவரமாக சொல்லி லீவு நாளை முடிவு செய்யுங்கள். கூலி இல்லாத அந்த நாட்களையும் செலவில் சேர்த்து கணக்கு போடுங்கள்.

வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் உஷார்

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு ஏ-1 என்ற கண் தகுதி வேண்டும். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6 இருக்க வேண்டும். அதோடு, 2024-ம் ஆண்டு அறிவிப்பிலேயே லேசிக் அல்லது பார்வை திருத்த ஆபரேஷன் எது செய்தவர்களுக்கும் தகுதி இல்லை என்று தெளிவாக போட்டிருக்கிறார்கள்.

"சொல்லாம மறைச்சுடலாம்" என்ற யோசனை வேண்டாம். கருவிழி வரைபடம் எடுத்தால் லேசர் அடித்தது தெரிந்துவிடும்.

ராணுவம், கப்பற்படை, விமானப்படையில் பிரிவுக்கு பிரிவு விதி வேறு. சிலவற்றில் செய்யவே கூடாது. சிலவற்றில் வயது, ஆபரேஷன் முடிந்து எத்தனை மாதம், கருவிழி தடிமன் எல்லாம் பார்ப்பார்கள். எந்த வேலைக்கு குறி வைக்கிறீர்களோ, அந்த அறிவிப்பின் மருத்துவ தகுதி பக்கத்தை முதலில் படியுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு போங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பவர் 7.5-க்கு குறைவாக இருந்தால் சாதாரண மருத்துவ காப்பீட்டில் பார்வை திருத்த செலவு பொதுவாக கிடைக்காது. அதற்கு மேல் இருந்தால் பாலிசியை காட்டி முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் சொல்லும் தொகையில் பரிசோதனை, மருந்து, பிறகு வரும் செக்கப், மறுபடி லேசர் தேவைப்பட்டால் அதற்கான செலவு எல்லாம் அடக்கமா என்றும் கேளுங்கள்.

ஆயுசுக்கும் கண்ணாடி வேண்டாமா?

40 வயதை தாண்டியதும் பேப்பர் படிக்க கண்ணாடி தேவைப்படுவது எல்லோருக்கும் வருவது. லேசர் அதை தடுக்காது. புரை விழுவதையும் தடுக்காது.

அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கு விழித்திரை பிய்ந்து போகும் அபாயம் லேசருக்கு பிறகும் அப்படியே இருக்கும். கண்ணாடி போனாலும் வருடம் ஒரு முறை கண் டாக்டரை பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய பவர், தடிமன் ரிப்போர்ட்டுகளை தூக்கிப் போடாதீர்கள். பிற்காலத்தில் புரை ஆபரேஷன் செய்யும்போது லென்ஸ் அளவு கணக்கிட அது உதவும். ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் பெட்டியிலேயே அதையும் பத்திரமாக வையுங்கள்.

கண்ணாடி போட்ட பெண்ணுக்கு குறை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வீட்டாருக்காக அவசரப்பட்டு கண்ணை பணயம் வைக்க வேண்டாம். அவளுக்கே ஆசை இருந்து, கண்ணும் ஒத்துவந்தால் தாராளமாக செய்யலாம். ஒத்துவராவிட்டால், நல்ல பிரேமாக பார்த்து ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்!