தடைக்காலமும் வாழையிலை மீனும்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதில்லை. மீன்களின் இனப்பெருக்கத்தைக் காப்பதற்காக 2001-இல் 45 நாள்களுடன் தொடங்கிய இத்தடை, 2017 முதல் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை எனினும், அவை கொண்டுவரும் மீன் உள்நாட்டு நகரங்களின் தேவைக்குப் போதாது. ராமேசுவரத்தையும் தூத்துக்குடியையும் நம்பியிருக்கும் மதுரையில் இதன் விளைவு உடனே தெரியும். கரிமேடு சந்தையில் சீலாவும் பாறையும் விலையேறும். நடுத்தரக் குடும்பங்கள் மீனின் அளவைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு பொருளின் விலை உயர்ந்தால், ஏறத்தாழ அதே பயனைத் தரும் மற்றொரு பொருளுக்கு நுகர்வோர் மாறுவர். இதைப் பதிலீடு என்கிறது பொருளியல். மாற இயலாதவர்களே விலையேற்றத்தின் முழுச் சுமையையும் சுமக்கின்றனர். மீனைப் பொருத்தவரை, மாற்று மீன் இல்லாததைவிட நம் சமையல் பழக்கமே பெரிய தடை. வறுவல் என்றால் சீலா, குழம்பு என்றால் அயிரை என மனத்தில் வரையறுத்துவிட்டோம்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்தக்கூடியது, மீனை எண்ணெயில் பொரிக்காமல் மூடிய சூட்டில் சுட்டெடுக்கும் முறை. சுட்ட மீன் நமக்குப் புதியதன்று. கடற்கரை மக்கள் விருந்தினருக்குக் குழல் மீன் கருவாட்டைச் சுட்டுக் கொடுத்ததைச் சிறுபாணாற்றுப்படை பதிவு செய்திருக்கிறது. இம்முறையில் மீனின் பெயர் முக்கியமன்று. அதன் கனம், கொழுப்பு, முள் ஆகிய மூன்றையும் அறிந்தால் போதும்.

நம் கண்மாய் மீன்களையே எடுத்துக்கொள்வோம். விராலில் முள் குறைவு, கொழுப்பும் குறைவு. திறந்த சூட்டில் வறண்டுவிடும் என்பதால் வாழையிலையில் பொதிவது நல்லது. கட்லா, ரோகு போன்ற கெண்டை வகைகளில் தசைக்குள் நுண்முட்கள் அதிகம். இருபுறமும் நெருக்கமாகக் கீறிவிட்டால் மசாலாவும் இறங்கும், முள்ளின் தொல்லையும் குறையும். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க இனமான ஜிலேபி கெண்டையை முழுதாகவே சுடலாம். அயிரையை மட்டும் குழம்புக்கே விட்டுவிடுவோம்.

கண்மாய் மீன் வேண்டாம் என்போர் சொல்லும் காரணம் சேற்று வாடை. நீரிலும் மண்ணிலும் வாழும் சில நுண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளே அதற்குக் காரணம். புளிப்பு அதைச் சிதைக்கும். கல்லுப்பும் புளியும் தேய்த்து மீனைக் கழுவும் நம் வீட்டு வழக்கத்தின் அறிவியல் இதுதான். கோடையில் மாங்காய் மலிவு. துருவிய மாங்காயுடன் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், பூண்டு அரைத்துப் பூசினால் புளிப்பும் மணமும் ஒருங்கே கிடைக்கும்.

ஓவன் இருந்தால் 200 டிகிரி செல்சியஸில், ஓர் அங்குலக் கனமுள்ள துண்டுக்குச் சுமார் 15 நிமிடங்கள் போதும். இலையில் பொதிந்திருந்தால் மேலும் ஐந்து நிமிடங்கள். ஓவன் இல்லாதோர், அடி கனத்த பாத்திரத்தில் கல்லுப்பைப் பரப்பி, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு வளையத்தின் மேல் தட்டை வைத்து, மிதமான தீயில் சுடலாம். வாஷரும் வெயிட்டும் நீக்கிய பழைய குக்கரும் இதற்கு உதவும். நேரம் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாறும். கனமான இடத்தில் சதை வெண்மையாகி, முள்ளிலிருந்து இதழ் இதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள். மீனின் இணைப்புத் திசு மென்மையானது. ஆட்டிறைச்சியைப் போல நெடுநேரம் வேகவைத்தால் வறண்டுபோகும்.

இதில் குடும்ப வரவு செலவைக் கடந்த நன்மையும் உண்டு. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது. பொரிப்பதற்குக் கிண்ணக் கணக்கில் எண்ணெய் வேண்டும். சுடுவதற்கு ஒரு தேக்கரண்டி போதும்.

காலமும் இசைவாக அமைந்திருக்கிறது. கடலில் தடை தொடங்கும் கோடையில்தான் மதுரை வட்டாரக் கண்மாய்களில் நீர் வற்றி, மீன்பிடிப்பு நடக்கிறது. மேலூர்ப் பகுதியின் மீன்பிடித் திருவிழாக்களில், கிடைத்த மீனை விற்காமல் வீட்டில் சமைத்து உண்பதே மரபு. ஆனால், குத்தகைக் கண்மாய்களில் ஒரே நாளில் பெருமளவு மீன் கரையேறும்போது, வெயிலில் அது கெடுமுன் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. கரையிலேயே பனிக்கட்டியும், நகரில் கண்மாய் மீனுக்குத் தனி விற்பனை இடமும் இருந்தால், விற்போருக்கும் வாங்குவோருக்கும் நியாயமான விலை கிடைக்கும். உள்ளாட்சி அமைப்புகளும் மீன்வளத் துறையும் இதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

கடல் ஓய்வெடுக்கும் 61 நாள்களில், சீலாவைத் தேடிக் கூடுதல் விலை கொடுப்பதா, பக்கத்துக் கண்மாயின் கெண்டையை இலையில் பொதிவதா என்பது நம் கையில்தான் இருக்கிறது. அந்தத் தெரிவு பரவலானால் தடைக்காலத்தின் சுமை குறையும். கண்மாயைக் காக்க வேண்டும் என்ற அக்கறையும் ஊருக்கு வளரும்.