விடை வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது

பொன்னேரி டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியில் பட்டம் முடித்து, மேற்படிப்புக்கு வெளிநாடு போக நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அதற்கான ஜி.ஆர்.இ. தேர்வு என்றதும் பலரும் மிரள்வது ஆங்கில மொழிப் பகுதியைக் கண்டுதான். உடனே தடித்த சொற்பட்டியல் ஒன்றை வாங்கி மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்கள். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் இருந்த காலத்தில் அது கைகொடுத்தது. 2011-லேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். இன்றைக்குச் சோதிப்பது வாசிப்பை.

ஒரு வகைக் கேள்வியைத் தமிழில் செய்து பார்க்கலாம்: ‘முகத்துவாரத்தை மணல் மூடிக் கிடந்தபோதிலும், அந்த ஆண்டு பழவேற்காட்டில் இறால் வரத்து ____ இருந்தது.’ அமோகமாக, சொற்பமாக, சீராக, ஏராளமாக, தாமதமாக, அற்பமாக என்று ஆறு சொற்கள். ஒரே பொருள் தரும் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழவேற்காடு ஏரிக்கரையில் வளர்ந்தவர் கை சட்டென்று ‘சொற்பமாக’வுக்குத்தான் போகும், முகத்துவாரம் அடைபட்டால் வரத்து குறையும் என்பது அவர் கண்டறிந்த உண்மை. அதற்கு ஜோடியாக ‘அற்பமாக’வும் காத்திருக்கிறது. ஆனால் ‘போதிலும்’ வாக்கியத்தையே திருப்பிவிட்டதே! ‘சீராக’ பொருந்துகிறது, ஆனால் அதற்கு ஜோடி இல்லை. விடை அமோகமாக, ஏராளமாக. ஒன்று மட்டும் சரியென்றால் பாதி மதிப்பெண்கூடக் கிடையாது.

எனவே விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை முதலில் படியுங்கள். திருப்பும் சொல்லைத் தேடுங்கள். கோடிட்ட இடத்தில் உங்கள் சொல்லொன்றை வைத்துவிட்டு, அப்புறம் கையை எடுங்கள்.

பத்திக் கேள்விகளில், நமக்குத் தெரிந்ததை வைத்து விடை சொல்ல இழுக்கும் இதே பொறி இன்னும் ஆழமாக இருக்கும். மீனவர்கள் முறைவைத்து வலை போடும் ‘பாடு’ ஏற்பாட்டைப் பற்றி ஒரு பத்தி வருவதாக வைத்துக்கொள்வோம். ‘அதனால் சண்டை குறைந்தது’ என்று ஒரு விடை இருக்கும். உங்கள் தாத்தா சத்தியம் செய்து சொல்லியிருக்கலாம். பத்தி சொல்லாவிட்டால் அது தவறான விடைதான்.

2023 செப்டம்பர் முதல் தேர்வு சுருங்கிவிட்டது: மொழியில் 18 நிமிடத்தில் 12 கேள்விகள், பிறகு 23 நிமிடத்தில் 15. முதல் பகுதியை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்தே இரண்டாவதன் கடினம் அமையும். தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.

இன்னொன்று. பல பல்கலைக்கழகத் துறைகள் இப்போது ஜி.ஆர்.இ. மதிப்பெண் கேட்பதே இல்லை. கட்டணம் கட்டுவதற்கு முன் நீங்கள் விண்ணப்பிக்கும் துறை கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.