பாலைவனத்திலும் வெள்ளம் வரும்: பெட்ரா, வாடி ரம் செல்வோர் அறிய வேண்டியவை

ஜெருசலம் புனிதப் பயணம் செல்லும் குழுக்களில் சில, ஜோர்டானில் இரண்டு நாள் தங்கி வாடி ரம் பாலைவனத்தையும் பெட்ரா நகரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகின்றன. முதல் நாள் மணலில் ஜீப் சவாரி, இரவு கூடாரத்தில் தங்கல். மறுநாள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் காரில் சென்றால் பெட்ரா. குறுகிய விடுமுறைக்கு ஏற்ற பயணம்தான்.

இப்படிக் கிளம்பும்போது தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் மறக்காமல் எடுத்து வைக்கிறோம். மழையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஆனால், பெட்ராவில் மழைக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும்.

ஏன் வெள்ளம் வருகிறது?

பெட்ராவுக்குள் நுழைய ‘சிக்’ எனும் மலை இடுக்கின் வழியாக 1.2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். சில இடங்களில் அகலம் சுமார் மூன்று மீட்டர்தான். அதைக் கடந்ததும், பாறையிலேயே குடைந்த ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள ‘அல் கஸ்னே’ கண்ணெதிரே நிற்கும்.

சுற்றிலும் இருப்பது மொட்டைப் பாறை மலைகள். நீரை உறிஞ்ச மண்ணும் குறைவு, தடுத்து நிறுத்த மரஞ்செடிகளும் குறைவு. பெய்த மழை அப்படியே வழிந்து பள்ளத்தாக்கில் சேர்கிறது. ‘வாடி’ என்ற அரபுச் சொல்லே, மழை பெய்தால் மட்டும் ஆறாக மாறும் வறண்ட பள்ளத்தாக்கைக் குறிக்கும்.

நம் நீர்வீழ்ச்சிகளில் ‘கெப்பாலா ஆயர்’ வருவதைப் போன்றதுதான் இதுவும். மேலே எங்கோ மழை கொட்டும். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

நபத்தேயர் கட்டிய அணை

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெட்ராவைத் தலைநகராகக் கொண்டு சாம்பிராணி வணிகத்தில் செழித்தவர்கள் நபத்தேயர்கள். இந்த ஆபத்து அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிக்கின் வாசலில் அணை கட்டினார்கள். பக்கத்து மலையைக் குடைந்து சுமார் 88 மீட்டர் நீளத்திற்குச் சுரங்கம் அமைத்து, வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்கிற்குத் திருப்பினார்கள். சிக்கின் சுவரோரம் கால்வாயும் சுடுமண் குழாயும் பதித்து ஊருக்குக் குடிநீர் கொண்டு சென்றார்கள். அந்தத் தடங்களை நடந்து செல்லும்போது இன்றும் பார்க்கலாம்.

கி.பி. 106இல் பெட்ரா ரோமானியர் வசமானது. 363இல் நிலநடுக்கம் நகரைச் சிதைத்தது. காலப்போக்கில் மக்கள் குறைந்தனர். அணையும் பராமரிப்பின்றிப் போனது.

1963 ஏப்ரலில் சிக்கிற்குள் பாய்ந்த வெள்ளத்தில், புனிதப் பயணம் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பிறகே அணை மீண்டும் கட்டப்பட்டது. 2018 நவம்பரில் மறுபடியும் பெருமழை பெய்தபோது 3,500க்கும் மேற்பட்ட சுற்றுப்பயணிகள் பெட்ராவிலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

வாடி ரம்மிலும் கவனம்

2011இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த வாடி ரம்மில், சுமார் 25,000 பாறைச் செதுக்கு ஓவியங்களும் 20,000 கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றில் சில, கஸாலி போன்ற குறுகிய மலை இடுக்குகளில் இருக்கின்றன. மழை அறிகுறி இருந்தால் அந்த இடுக்குகளுக்குள் போகாமல் இருப்பதே நல்லது. குளிர்கால இரவில் கடுங்குளிர் அடிக்கும். தடித்த ஆடை அவசியம்.

பணம் கட்டும் முன்

அங்கு மழை பெய்வது பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. நம் ஊர் ஆண்டு இறுதி விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. அதனால் பயண முகவரிடம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: மழையால் பெட்ரா மூடப்பட்டால் மாற்று ஏற்பாடு என்ன?

முடிந்தால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வானிலை நிலவரத்தை உள்ளூர் வழிகாட்டியிடம் கேளுங்கள். வெளியேறச் சொன்னால் படம் எடுக்க நிற்காதீர்கள். வெளியேற வழியில்லை என்றால் உடனே மேட்டுப் பகுதிக்கு ஏறுங்கள். நீர் ஓடும் பள்ளத்தைக் கடக்கச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள்.

இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா என்று மனம் கேட்கும். பெட்ராவை இன்னொரு முறை வந்தும் பார்க்கலாம்.