பகிர்ந்தால் குறையும் சுமை
சென்னைப் பெசன்ட் நகரில், அடையாற்று முகத்துவாரத்தை அடுத்துள்ள மீனவர் ஊர் ஊரூர் ஒல்காட் குப்பம். அங்குக் கரைசேர்ந்த படகருகே மூவர் பணிபுரிவதாகக் கொள்வோம். ஒரு கூடை மீனை வலையிலிருந்து விடுவிக்க ஒருவருக்கு 15 நிமிடமும், இனம்பிரிக்க மற்றொருவருக்கு 9 நிமிடமும், கழுவிப் பனிக்கட்டியிட மூன்றாமவருக்கு 6 நிமிடமும் ஆகின்றன. மணிக்கு 4 கூடைகளே நிறையும். முதலாமவர் ஓய்வின்றி உழைக்க, ஏனையோர் காத்திருப்பர். வெயிலில் மீன் கெடும். ஒவ்வொரு கூடைக்கும் இரண்டாமவர் 1 நிமிடமும் மூன்றாமவர் 4 நிமிடமும் வலைப்பணிக்குக் கைகொடுத்தால், மூவர்க்கும் பணி 10 நிமிடமாகும். மணிக்கு 6 கூடைகள் நிறையும். தொழிற்சாலைப் பணிக்குழுக்களில் பணிச்சுமையைச் சமன்செய்தல் என்பதும் இதுவே. இங்கு ஆள் கூடவில்லை; எவரையும் விரைவுபடுத்தவில்லை; சுமை மட்டுமே பகிரப்பட்டது.