கேழ்வரகுச் சிமிலி

நம் மாணாக்கர் பலர் வெறுவயிற்றோடு வகுப்பில் அமர்கின்றனர்; அவர் பொருட்டே இதனை எழுதுகின்றோம். மேனாட்டார் ஓட்ஸ் தானியத்தைத் தேன் கூட்டிச் சுட்டு வில்லைகளாக்கிக் காலையில் உண்பர். அது குளிர்நாட்டுப் பயிர். செங்கற்பட்டுச் சீமைக்கு உரியது கேழ்வரகு. அதன் மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்துண்டு. அரிசியில் அதன் பத்திலொரு பங்குமில்லை.

மாவில் சிறிது உப்பிட்டு, வெந்நீர் தெளித்துப் பிசைந்து, அடையாகத் தட்டி, நடுவும் வேகுமாறு சுடுக. கோதுமையின் இழுபசை இதற்கின்மையால் கையால் தட்டுதலே முறை. சூடு ஆறுமுன் பிய்த்து, மாவிற்கு அரைப்பங்கு வறுத்த வேர்க்கடலையும் அரைப்பங்கு வெல்லமும் சேர்த்து உரலில் இடித்து உருட்டுக. பாகு வேண்டா, கடலையின் எண்ணெயும் வெல்லத்தின் ஈரமுமே பிடிப்புத் தரும். வெல்லத்தை மிகுத்தால் பலகாரமாகுமேயன்றிக் காலையுணவாகாது. மாமல்லபுரத்து ஈரக்காற்றில் வெல்லம் விரைவில் கசியுமாதலின், கரையோரத்தார் அன்றன்றே செய்து உண்பது நலம்.